மிஸிஸ் சோமசேகரத்தின் இடுப்பளவு

ஐம்பத்துமூன்று வயதில், நாற்பத்துமூன்று அங்குல இடுப்போடு, சிவப்புப் பூப்போட்ட கவுண் ஒன்றுக்குள் நின்றபடி நான் ஒரு சபதம் எடுத்தேன். வருசம் முடிவதற்குள் இந்தக் கவுணிலிருந்து வெளியேறுவேன்.

சபதத்தை வாய்விட்டு எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் மூச்சு உள்ளே போகும். மூச்சு உள்ளே போனால் வயிறு வெளியே வரும். வயிற்றைச் சுற்றிப் பதினேழு குண்டூசிகள் காத்திருந்தன. ஆகவே மனதுக்குள்ளேயே எடுத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

"ஏன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறீங்கள்?" என்றாள் என் மனைவி லோஜினி. அவள் வாயில் இன்னும் மூன்று ஊசிகள் இருந்தன.

"என்ர முகம் இதுதான்."

"முகம் பரவாயில்லை. வயித்தை எக்குங்கோ."

என் பெயர் ஆனந்தராசா. திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். எந்தக் கப்பல் எப்போது வரும், எப்போது போகும் என்று எழுதிவைப்பது என் வேலை. நான் எப்போது வரலாம், எப்போது போகலாம் என்பதை லோஜினி பார்த்துக்கொள்வாள். உள்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. மகள் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போன பிறகு அவளுடைய அறை தையலறை ஆனது. பிறகு விறாந்தை தையலறை ஆனது. இப்போது சாப்பாட்டு மேசையில் இருப்பதென்றால் கதிரையிலிருந்து ஒரு கவுணை எழுப்பி விட்டுத்தான் இருக்க வேணும்.

சந்தைப் பக்கத்து நடைபாதையில் வெளிநாட்டுப் பழைய உடுப்புகளைக் குவித்து விற்பார்கள். எல்லாரும் அந்தக் குவியலில் புதிதாய்த் தெரிவதைத் தேடுவார்கள். லோஜினி பழையதைத் தேடுவாள். நாற்பது, ஐம்பது வருசத்துக்கு முந்திய கவுண், சிப்பியில் செய்த சட்டைத் தெறி, இப்போது எந்தக் கடையிலும் வாங்க ஏலாத துணி. அதைக் கொண்டுவந்து தோய்த்து, தையல் பிரித்து, கறைபட்ட இடத்தை வெட்டி, பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு சேர்த்துத் தைத்தாளென்றால், அந்தக் கவுணே தன்னை அடையாளம் காணாது. நிலாவெளி ஹோட்டல்களுக்கு வருகிற வெள்ளைக்காரிகள் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். என் மனைவி சட்டை செய்வதில் கெட்டிக்காரி. என்னைச் சட்டை செய்வதில்தான் கொஞ்சம் குறைவு.

என் சிக்கல் தொடங்கியது மே மாதத்தில்.

அதற்கு முன், ஏப்ரலில், நான் கிளினிக்குக்குப் போயிருந்தேன். எனக்குச் சீனி வருத்தம் ஆறு வருசமாய் இருக்கிறது. அங்கேயிருந்த டொக்டர்ப் பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். அவள் என் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பத்துக் கிலோ குறையுங்கோ, ஐயா. இல்லாட்டி டிசம்பரில இன்சுலின் ஊசி தொடங்க வேண்டி வரும்."

"குறைக்கிறன்," என்றேன். வருகிற வழியில் ஓட்டோவை நிறுத்தி மீன் அடைத்த மாலு பணிஸ் இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த லோஜினி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருசம். அவள் ஒன்றும் சொல்லாத நாளில் எனக்குப் பயம் வந்திருக்க வேணும். பணிஸ்தான் வந்தது.

அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து இந்த ஸ்ரூலில ஏறி நில்லுங்கோ."

"பல்ப் மாத்தவோ?"

"இல்லை. கவுண் போட."

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

நான் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

கதை இதுதான். கந்தளாயில் மிஸிஸ் சோமசேகரம் என்று ஒரு ரிட்டயர் பிறின்சிப்பல் இருக்கிறாவாம். மகனுக்கு வருகிற வருசம் கனடாவில் கல்யாணமாம். சேலை கட்டினால் குளிர் ஏறும், கவுண்தான் வேணும் என்று மகன் சொல்லிவிட்டானாம். லோஜினி போட்டிருந்த படத்தைப் போனில் பார்த்து, இந்தச் சிவப்புப் பூக் கவுண்தான் வேணுமென்று மனுசி பிடிவாதமாய் நிற்கிறாவாம். முழங்கால் வருத்தத்தால் அளவு பார்க்கத் திருகோணமலைக்கு வர ஏலாதாம். அளவு போனில் வந்ததாம். நெஞ்சு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பத்துமூன்று.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அது அச்சொட்டாய் உங்கட அளவு."

"ஒரு பிறின்சிப்பலுக்கு என்ர அளவோ?"

"அவவும் அதைத்தான் கேட்டவ. ஒரு கிளாக்கருக்கு என்ர அளவோ எண்டு."

நான் ஸ்ரூலில் ஏறினேன். ஏறியிருக்கக் கூடாது. டொக்டரின் ஊசிக்குப் பயந்த மனுசன் லோஜினியின் ஊசிகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

முதல் நாளே பக்கத்து வீட்டு ஸைனுலாப்தீன் நானா ஏணி கேட்டு வந்தார். சந்தியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். கடையில் ஐம்பது ஏணி இருக்கும், வீட்டில் ஒன்றும் இல்லை. யன்னலால் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ராசா, ஏணி ஒண்டு தேவைப்பட்டது."

"பின்னால சாத்தியிருக்கு நானா, எடுங்கோ."

"சரி." இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார். "சிவப்பு உமக்கு எடுப்பா இருக்கு."

அதற்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் சீட்டு விளையாடப் போவதை நிறுத்திவிட்டேன். போனால் ராணிச் சீட்டு விழும்போதெல்லாம் நானா என்னைப் பார்ப்பார்.

ஒரு கிழமைக்கு இரண்டு தரம் ஸ்ரூல். கழுத்து வெட்டு பார்க்க ஒரு நாள், கை பார்க்க ஒரு நாள், கீழ் மடிப்புப் பார்க்க ஒரு நாள். அப்படி நின்ற ஒரு நாளில்தான் நான் முதலில் சொன்ன சபதத்தை எடுத்தேன். சபதத்தோடு வழியும் தோன்றியது. என்னை ஸ்ரூலில் ஏற்றியது என் அளவு. அந்த அளவை மாற்றிவிட்டால் லோஜினிக்கு நான் எதற்கு?

மேலே போவதா, கீழே போவதா என்று யோசித்தேன். மேலே போவது சுகம். பின்னேரம் ஐந்தரைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு, பாணும் பணிஸும் விற்கிற பாண் ஓட்டோ வரும். நான் வேலை முடிந்து வருகிற வழியில் ஒழுங்கைத் தலைப்பிலேயே அதை மறித்தேன்.

"அர்ஷாக், ரெண்டு மாலு பணிஸ்."

"முடிஞ்சு போச்சு, அண்ணன்."

"அந்தா கண்ணாடிக்குள்ள தெரியுது."

"அது வேறாக்களுக்கு."

"ஆருக்கு?"

அர்ஷாக் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "உங்களுக்கு விக்க வேண்டாமெண்டு அக்கா சொன்னவ, அண்ணன். என்ர மனுசிக்குப் பெருநாள் சட்டை தைச்சுக் குடுத்தவ. நான் என்ன செய்யிறது?"

வீட்டுக்கு வந்து லோஜினியிடம் நியாயம் கேட்டேன். அவள் மெசினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"தைச்சு முடியுமட்டும் நீங்கள் பெருக்க ஏலாது. பெருத்தால் மிஸிஸ் சோமசேகரத்துக்குக் கவுண் கொளகொளவெண்டு நிக்கும்."

அன்றிலிருந்து குரக்கன் என்கிற கேழ்வரகில் பிட்டு, வல்லாரைச் சம்பல், பாகற்காய். மேலே போகிற வழி அடைபட்டது. மிச்சம் இருந்தது கீழே போகிற வழி.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு எழும்பி, பேப்பர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டச்பே கடற்கரைக்கு நடந்தேன். லோஜினிக்குத் தெரியாமல் மெலிய வேணும். தெரிந்தால் அதற்கும் ஒரு தடை போடுவாள். கடற்கரையில் நான்கு மீனவர்கள், ஒரு வெள்ளைக்காரன், ஏழெட்டு மான்கள். திருகோணமலை மான்கள் வெட்கம் கெட்டவை, பொலித்தீன் பையைக் கண்டால் பின்னால் வரும். என்னிடம் பேப்பர்தான் இருந்தது. கொம்பு முறிந்த ஒன்று அரை மைல் என் பின்னால் வந்து விளையாட்டுப் பக்கத்தைத் தின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் லோஜினி கேட்டாள். "பேப்பர் கடை தூரப் போயிட்டுதோ?"

"ஆள்கூட்டம்."

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு சோடி புதுக் கன்வஸ் சப்பாத்து இருந்தது. "பழைய செருப்புக் கடிக்குதெண்டு சொன்னீங்களே," என்றாள். நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. இருந்தாலும் அளவு சரியாக இருந்ததால் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஆறு கிழமை நடந்தேன். காற்சட்டைப் பட்டியில் ஒரு ஓட்டை உள்ளே போனது. ஜூலை நடுப்பகுதியில் ஸ்ரூலில் ஏறிக் கவுணைப் போட்டபோது அது இடுப்பில் தொங்கியது. லோஜினி நாடாவைச் சுற்றினாள். நாற்பத்தொன்று. அவள் முகம் மாறியது. என் முகமும் மாறியது, ஆனால் வேறு விதமாக.

"என்னப்பா இது. ரெண்டு இன்ச் குறைஞ்சு போச்சு."

"நான் என்ன செய்யிறது லோஜி. வயசு போகுது. இனி நீர் வேற ஆள் பாரும்."

"நில்லுங்கோ. ஒருக்காக் கேட்டுப் பாப்பம்." போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மெதுவாகக் கதைத்தாள். சிரித்தாள். திரும்பி வந்தாள்.

"நல்ல காலம். அவவுக்கும் ரெண்டு இன்ச் குறைஞ்சிட்டுதாம். முழங்காலுக்காகக் குறைக்கச் சொன்னவையாம். இப்ப நாப்பத்தொண்டுதானாம்."

அன்றைக்கே பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே பிடித்து, திரும்பத் தைத்தாள்.

சரி, தற்செயல் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக நடந்தேன். கடற்கரையோடு நிற்காமல் கோட்டை வாசல் வரை, பிறகு கோணேசர் கோயில் ஏற்றம் வரை. செப்டெம்பரில் முப்பத்தொன்பதரை. லோஜினி போனோடு குசினிக்குப் போனாள். வந்தாள்.

"முப்பத்தொன்பதரையாம்."

"அது எப்பிடி? முழங்கால் ஏலாத மனுசி எப்பிடி இப்பிடிக் குறையும்?"

"நீந்துறாவாம்."

"எங்க?"

"கந்தளாய்க் குளத்தில."

"அதில முதலை இல்லையோ?"

"அவ பிறின்சிப்பலாய் இருந்தவ. முதலை ஒதுங்கிப் போகும்."

இதை நான் நம்பினேனா என்று கேட்பீர்கள். நம்பினேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிறின்சிப்பலை நினைத்துப் பார்த்தேன், முதலைமேல்தான் இரக்கம் வந்தது.

அதன் பிறகு அந்தக் காணாத மனுசி என் தலைக்குள் குடிவந்துவிட்டாள். கந்தோரில் கப்பல் வருகிற நேரத்தை எழுதும்போது, இப்போது அவள் நீந்திக்கொண்டிருப்பாள் என்று தோன்றும். அவள் இரவுச் சோற்றை விட்டுவிட்டாள் என்று லோஜினி சொன்னாள். நானும் விட்டேன். அவள் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்று லோஜினி சொன்னாள். நான் பாலையும் விட்டேன். ஒரு அங்குலம் முந்தினால் போதும், எனக்கு விடுதலை. ஆனால் நான் மூன்று நாள் பட்டினி கிடந்து அரை அங்குலம் குறைத்தால் அவளும் சொல்லிவைத்தது போல அரை அங்குலம் குறைவாள். இப்படி ஒரு எதிரி எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

நவம்பரில் கிளினிக். அதே டொக்டர்ப் பிள்ளை தராசைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், திரும்பவும் தராசைப் பார்த்தாள்.

"ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. சீனியும் நல்லாக் குறைஞ்சிருக்கு. ஊசி இப்ப தேவையில்லை, ஐயா. என்ன செய்தனீங்கள்?"

"ஒரு மனுசியோட போட்டி," என்றேன்.

டொக்டர் லோஜினியைப் பார்த்தாள். லோஜினி சுவரில் தொங்கிய கலண்டரை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் ஒருக்கா மூக்கைத் துடைத்தாள். தடிமன் என்று நினைத்தேன்.

டிசம்பர் பிறந்தது. வருசம் முடியப் போகிறது, சபதம் நிறைவேறவில்லை. இடுப்பு முப்பத்தெட்டு. மிஸிஸ் சோமசேகரமும் முப்பத்தெட்டு. இனிமேல் நான் குறைவதில் பயனில்லை, அவளைப் பெருக்க வைக்க வேணும் என்று அப்போதுதான் மூளையில் பட்டது. இத்தனை மாதம் வாயைக் கட்டிய மனுசிக்கு முன்னால் ஒரு நல்ல கேக்கைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும்? ஒரு துண்டோடு நிற்பாளா? ஒரு கிழமையில் இரண்டு அங்குலம் ஏறுவாள். கவுண் அவளுக்குப் பத்தாது. எனக்குத் தொங்கும். லோஜினி நாடாவும் கையுமாய் நிற்பாள்.

கேக்குக்கு அலையத் தேவையில்லை. நானாவின் மனைவி றஹ்மா டிசம்பர் முழுக்க நத்தார்க் கேக்குக்கு ஓடர் எடுப்பவள். சேர்ச் பக்கத்து வீடுகள் பாதிக்கு அவளுடைய ரிச் கேக்தான். ஒழுங்கை முழுக்கக் கறுவாவும் ஏலக்காயும் மணக்கும். நான் அந்த மணத்தை மட்டும் தின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் நானா கடைக்குப் போன நேரம் பார்த்து அவர்கள் குசினி வாசலுக்குப் போனேன்.

"றஹ்மா, எனக்கொரு கேக் வேணும். லோஜிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

றஹ்மா மாவுக் கையோடு நிமிர்ந்தாள். "உங்களுக்கா அண்ணன்?"

"சீச்சீ. ஒரு வருத்தக்கார மனுசிக்கு. நல்லா மெலிஞ்சு போனா. பட்டர், முட்டை, சீனி எல்லாம் தாராளமாப் போடுங்கோ."

"தாராளமாவா?"

"சீனி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை."

றஹ்மா முக்காட்டுத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மா பறக்குதாக்கும் என்று நினைத்தேன். "சரி அண்ணன். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள செய்து தாறன்," என்றாள்.

ஞாயிறு காலை, கந்தளாயில் இருக்கிற, என்னோடு வேலை செய்த ஒருவரின் வீட்டுக்குப் போகிறேன் என்று லோஜினிக்குச் சொன்னேன். கேக் தகரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் தகரம் கனத்தது. மூடியின் இடுக்கால் மணம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

கந்தளாயில் இறங்கி பார்மசியில் விசாரித்தேன். மிஸிஸ் சோமசேகரம் என்று ஒரு பிறின்சிப்பலைத் தெரியாதென்றார்கள். மரக்கறிக் கடையில் கேட்டேன். தெரியாது. கடைசியில் ஒரு ஓட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "சோமசேகரம் எண்டு ஒராள் இருக்கிறார். முந்திச் சீனி ஆலையில வேலை செய்தவர். வாங்கோ, காட்டிறன்."

குளக்கட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு. விறாந்தையில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனுசன் வானொலிப் பெட்டி ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸிஸ் சோமசேகரம் நிக்கிறாவோ?"

"ஆர்?"

"மிஸிஸ் சோமசேகரம். ரிட்டயர் பிறின்சிப்பல். குளத்தில நீந்துறவ."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் கலியாணம் முடிக்கேல்லை. அப்பிடி ஒராள் இருந்தா எனக்கும் சொல்லும்."

"வேற சோமசேகரம் ஆரும்?"

"இந்தப் பக்கத்தில நான் ஒருத்தன்தான். குளத்தில எருமை நீந்திக் கண்டனான். பிறின்சிப்பல் ஒருத்தரும் நீந்திக் காணேல்லை."

நான் விறாந்தைக் கட்டில் இருந்துவிட்டேன். அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். என்ன விசயம் என்று கேட்டார். சொன்னேன். ஸ்ரூலிலிருந்து தொடங்கி, பாண் ஓட்டோ, மான், முதலை எல்லாம் சொன்னேன். அவர் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. சிவப்புப் பூக் கவுண் என்ற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வானொலிப் பெட்டிக்குள் பார்த்தார்.

"அப்ப இந்தத் தகரத்துக்குள்ள?"

"கேக்."

"அவவுக்கு?"

"ஓம்."

"அவ இல்லைத்தானே," என்றார். உள்ளே போய் ஒரு கத்தி கொண்டுவந்தார்.

நல்ல கறுத்தக் கேக். மென்மையாய், ஈரமாய், வாயில் வைத்ததும் கரைந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு கேக். முதல் துண்டை ஆத்திரத்தில் தின்றேன். இரண்டாவதைக் கவலையில் தின்றேன். மூன்றாவதும் நாலாவதும் ருசிக்காகத் தின்றவை. அவர் மிச்சத்தைத் தின்றார். "நல்ல கேக்," என்றார். "நெஞ்சில நிக்கேல்லை."

பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார். "அந்தக் கவுணை ஒவ்வொரு தரமும் அவ பிரிச்சே திருப்பித் தைச்சவ?"

"ஓம். ஆறு, ஏழு தரம்."

"பெரிய வேலை," என்றார். வானொலிப் பெட்டியைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது. முதலில் கொதித்தேன். என்ன சொல்லவேணும், எப்படித் தொடங்கவேணும் என்று வசனம் கட்டினேன். நான் ஸ்ரூலில் ஏறி அளவு கொடுத்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் அவள் போனோடு குசினிக்குள் போனாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதம். இல்லாத ஒரு மனுசிக்கு முழங்கால் வைத்து, மகன் வைத்து, மகனுக்குக் கனடாவில் கல்யாணமும் வைத்திருக்கிறாள்.

தம்பலகாமம் வயல்கள் தாண்டும்போது வசனம் நின்றுபோனது. லோஜினியின் தகப்பன் ஞாபகத்துக்கு வந்தார். சாம்பல்தீவில் தோட்டம் செய்தவர். சீனி வருத்தத்தில் வலது கால் போனது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தால் வந்து அந்தக் காலுக்கு மருந்து கட்டியது இவள்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். பிறகு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏப்ரலில் ஓட்டோவுக்குள் என் பக்கத்தில் அவள் பேசாமல் இருந்தபோது நான் பணிஸ் தின்றுகொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்தில் இறங்கி, ஓட்டோ பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

லோஜினி மேசையைத் துப்புரவாக்கி இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்தாள். சிவப்பரிசி இடியப்பமும் மீன் சொதியும். இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. என் முகத்திலும் ஒன்றும் தெரியக் கூடாது என்று கவனமாக இருந்தேன்.

"மிஸிஸ் சோமசேகரம் இப்ப எப்பிடி?" என்று கேட்டேன்.

சொதி எடுத்த அகப்பை கொஞ்சம் நின்று, பிறகு கோப்பைக்கு வந்தது.

"முப்பத்தெட்டுத்தானாம். இன்னும் ரெண்டு இன்ச் குறைக்க ஆசையாம்."

"குறைப்பா. கெட்டிக்கார மனுசி."

"ஓம்," என்றாள் லோஜினி. "பாவம், தனியக் கிடந்து கஸ்டப்படுறா."

"தனிய இல்லை. நாங்களும் இருக்கிறம்தானே."

அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் கோப்பையிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிழை பிடித்தும் காட்டிக்கொடுக்காத புருசன் நான். நாளைக்கும் ஸ்ரூலில் ஏறுவேன், ஒரு பேச்சும் பேச மாட்டேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் வயிற்றுக்குள் பட்டரும் சீனியும் தாராளமாய்ப் போட்ட கேக்கில் நாலு துண்டு பத்திரமாக இருந்தது. எட்டு மாதம் என்னை ஆட்டிவைத்தவளுக்கு அந்த நாலு துண்டும் சாகுமட்டும் தெரியப் போவதில்லை. ஒரு மனுசனுக்கு வீட்டில் இந்தளவு வெற்றி போதும்.

லோஜினி எழும்பிக் கோப்பைகளை அடுக்கினாள். குசினி வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு வேலைக்குப் போகேக்க றஹ்மாவின்ர தகரத்தைக் குடுத்திட்டுப் போங்கோ."

"எந்தத் தகரம்?"

"உங்கட பைக்குள்ள இருக்கிறது," என்றாள். "சீனி, பட்டர் ஒண்டும் போடாமல், குரக்கன் மாவும் பேரீச்சம்பழமும் வைச்சு அவ கேக் செய்தது இதுதான் முதல் தரமாம். ருசி எப்பிடியெண்டு உங்களிட்டக் கேக்கச் சொன்னவ."